பதினேழு நடக்குது

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூட கஃபெடீரியாவில் பொங்கல் விழா. நான் சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வரிசை ஓய்ந்த நேரம் பார்த்து ஒரு பெண் தட்டோடு வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதான லைப்ரரில ஃப்ரீயா டாக்ஸ் போட்டுக் குடுக்குறது?"

ஆமாம் என்றேன். இங்கே வீட்டா (VITA) என்று ஒரு திட்டம் உண்டு. தன்னார்வலர்கள், அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வைக்கும் பரீட்சை எழுதித் தேறி, குறைந்த வருமானக்காரர்களுக்குக் காசு வாங்காமல் வருமான வரிப் படிவம் போட்டுக் கொடுப்பார்கள். ஆறு வருடமாகப் போகிறேன். மனைவி கேட்டால் சமூக சேவை என்பேன். உண்மையில் எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

"அஞ்சே நிமிசம்ணே. தோராயமா எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வருசம் பதினோராயிரம் வந்துச்சாம்."

திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு. விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஃபோனில் சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தார். மே மாதம் வரை ஒரு காப்பகம், பிறகு வேறொன்று. இரண்டின் கடைசிச் சீட்டையும் கூட்டினால் ஆண்டு வருமானம் 31,500 டாலரை ஒட்டி வந்தது. வருமான வரி என்று பிடித்தது மொத்தம் 620.

எழுதக் காகிதம் இல்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவினேன். பேனா முனை அங்கங்கே கிழித்துக்கொண்டு போனது.

ரீஃபண்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான பணம் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரி திரும்பி வருவது ஒன்று. அது அவருடைய காசேதான், வருடம் முழுக்க வட்டியில்லாமல் அரசாங்கத்திடம் கிடந்தது. மற்றது கிரெடிட். வரியே கட்ட வேண்டியில்லை என்றாலும், பிள்ளை வைத்துக்கொண்டு உழைத்துச் சம்பாதிக்கிறவருக்கு அரசாங்கம் கையில் கொடுக்கிற காசு. நடுத்தர ஐ.டி. சம்பளக்காரனுக்கு ரீஃபண்ட் என்றால் பெரும்பாலும் முதல் வகை. இந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு முதல் வகை சில்லறை, இரண்டாவதுதான் பணம். அதனால்தான் நம் ஆட்கள் இரண்டு பேர் ரீஃபண்டைப் பற்றிப் பேசிக்கொண்டால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை.

முதலில் வரி. தனியாகப் பிள்ளைகளை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் என்பதால் "ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்" அந்தஸ்து. 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு அந்த அந்தஸ்தில் 21,900 டாலர் கழிவு. 31,500இல் அதைக் கழித்தால் மிச்சம் 9,600. அதற்குப் பத்து சதவீதம், 960 டாலர் வரி.

அடுத்தது ஈஐடிசி, உழைத்துச் சம்பாதிக்கிறவருக்கான வரிக் கிரெடிட். 1975இல் ஃபோர்டு அதிபராக இருந்தபோது வந்தது. சும்மா கொடுக்கக் கூடாது, வேலை செய்கிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று லூயிசியானா செனட்டர் ரஸ்ஸல் லாங் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தார். அப்போது அதிகபட்சமே 400 டாலர்தான். 2024க்கு இரண்டு பிள்ளை இருந்தால் 6,960 வரை. ஆனால் எல்லோருக்கும் அந்த உச்சம் கிடைக்காது. திண்டுக்கல்காரருக்கு மலைக்கோட்டையைச் சொல்லித்தான் விளக்கினேன்: ஏறுகிறீர்கள், மேலே கொஞ்சம் சமதரை, அப்புறம் இறக்கம். சம்பளம் 17,400 டாலர் வரும்வரை, ஒவ்வொரு டாலருக்கும் 40 சென்ட் ஏறும். அங்கிருந்து 22,720 வரை சமதரை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு டாலருக்கும் 21 சென்ட் இறங்கும். 55,768இல் அடிவாரம், ஒன்றும் கிடையாது. இவர் இறக்கத்தில் நிற்கிறார். 22,720க்கு மேல் 8,780 டாலர். அதற்கு 1,850 போனால் மிச்சம் 5,110.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான வரிக் கிரெடிட். தலைக்கு 2,000. "பசங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு ஒம்பது. பெரியவனுக்குப் பதினேழு நடக்குதுண்ணே."

பதினேழு நடக்கிறது என்றால் பதினாறு முடிந்திருக்கிறது. என் அம்மா அப்படித்தான் சொல்வார். என் பாட்டி ஒரு படி மேலே போய், பிறந்த மறுநாளே "ஒண்ணு நடக்குது" என்பார். பதினேழு முடியவில்லை, ஆகவே கிரெடிட் உண்டு. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 4,000. அதில் 960 வரிக்கு ஈடாகிவிடும். மீதி 3,040 கையில் வரும்.

5,110, 3,040, 620. கூட்டி, 8,770 என்று எழுதி வட்டம் போட்டேன்.

அவர் டிஷ்யூவை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். மடித்து வைக்கிற காகிதம் தோராயக் கணக்கு இல்லை, வாக்கு.

கணக்கில் நான் எதையும் கேட்காமல் விட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கஷ்டமான கேள்விகளை எல்லாம் கேட்டேன். பிள்ளைகள் எத்தனை ராத்திரி யார் வீட்டில் தூங்கினார்கள்? அமெரிக்க வருமான வரிச் சட்டம் ஒரு பிள்ளை யாருடையது என்று முடிவு செய்வது இரத்தத்தை வைத்தோ, யார் பள்ளிக்கூடச் செலவு பார்த்தார் என்பதை வைத்தோ இல்லை. அனேகமாக ராத்திரிகளை எண்ணித்தான். பாதி வருடத்துக்கு மேல் யாரோடு இருந்ததோ அவருக்கு. அப்பா டெக்சாஸில். கோடையில் ஐந்து வாரம் மட்டும் போய் வருவார்கள். சரி.

விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளைகளை யார் கணக்கில் காட்டுவது என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தது. ஒற்றைப்படை வருடங்களில் மகளை அப்பா காட்டிக்கொள்ளலாமாம். 2024 இரட்டை, தப்பித்தோம். அடுத்த வருடம் இவர் 8332 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த 2,000 டாலர் கிரெடிட் அப்பாவுக்குப் போகும். ஆனால் ஈஐடிசி போகாது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் அந்தஸ்தும் போகாது. அவை பிள்ளை தூங்குகிற வீட்டோடு ஒட்டிக்கொண்டவை, கையெழுத்துப் போட்டும் கொடுக்க முடியாது. இது தெரியாமல் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை அந்த லைப்ரரியில் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது அரசாங்கம் தரும் அடையாள எண்? மூன்று பேருக்கும் இருந்தது. இது நம்மவர்கள் வீட்டில் சம்பிரதாயக் கேள்வி இல்லை. பையன் திண்டுக்கல்லில் பிறந்தவன். வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருந்த வரைக்கும் அவனுக்கு வெறும் ஐடின்தான், வரி போடுவதற்கு மட்டுமான எண். அந்த எண்ணோடு ஒரு பிள்ளை இருந்தால் 2,000 கிடையாது, வேறு வகையில் 500தான். ஈஐடிசியில் அவன் கணக்கிலேயே சேரமாட்டான். கிரீன் கார்டு வந்து எண் கிடைத்த பிறகுதான் அவன் வரிக் கணக்கில் முழுப் பிள்ளை ஆனான். ஒரே வீட்டில் இங்கே பிறந்த தங்கைக்கு 2,000, அங்கே பிறந்த அண்ணனுக்கு 500 என்று இருந்த வருடங்கள் உண்டு.

ஆக, கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போய் விசாரித்தவன், பிறந்த தேதியைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, லைப்ரரியின் கீழ்த்தளம். டபிள்யூ-2, அதாவது முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று, இரண்டும் வந்துவிட்டன: 13,874, 17,638. மொத்தம் 31,512. என் தோராயம் பன்னிரண்டு டாலர்தான் தப்பு. எனக்குப் பெருமை. அவர் கைப்பையைத் திறந்து டிஷ்யூவை எடுத்து, டபிள்யூ-2 பக்கத்தில் விரித்து வைத்தார்.

"வீடு பாத்துட்டேண்ணே. ரெண்டு பெட்ரூம். வாடகை 1,900. அட்வான்ஸ் ஒன்றரை மாசம்." நியூ ஜெர்சியில் அதற்கு மேல் கேட்கக் கூடாது, சட்டம். 2,850. முதல் மாத வாடகையோடு 4,750. கிரெடிட் கார்டு பாக்கி 3,900. மொத்தம் 8,650. "மிச்சம் 120. பெரியவனுக்கு ஷூ."

அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக ஏற்றினேன். பையனின் பிறந்த தேதியை அடிக்கும்போது விரல் நின்றது. 2007, நவம்பர். 2024 டிசம்பர் 31 அன்று அவனுக்குப் பதினேழு முடிந்து ஆறு வாரம்.

"பதினேழு நடக்குதுன்னு சொன்னீங்களே?"

"ஆமாண்ணே, நவம்பர்லதான் பதினேழு ஆச்சு. இப்ப பதினேழுதான நடக்குது?"

சரிதான். இங்கே பதினைந்து வருடம் இருந்த பிறகு யார்தான் வயதை எங்கள் பாட்டி மாதிரி எண்ணுகிறார்கள்? பள்ளிக்கூடம், டாக்டர், டிரைவிங் லைசன்ஸ் ஆபீஸ், எல்லா இடத்திலும் முடிந்த வயதைச் சொல்லிச் சொல்லிப் பழகி, "நடக்குது" என்ற சொல் மட்டும் ஊரிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. அவர் சொன்னது இந்த ஊர்க் கணக்கு. நான் கேட்டுக்கொண்டது அந்த ஊர்க் கணக்கு.

பிள்ளைக் கிரெடிட்டுக்கு வருடக் கடைசியில் பதினேழு முடிந்திருக்கக் கூடாது. ஈஐடிசிக்குப் பத்தொன்பது முடியாத வரை பரவாயில்லை. முழுநேர மாணவன் என்றால் இருபத்துநான்கு முடியாத வரை. ஒரே பையன் ஒரு வரியில் குழந்தை, அடுத்த வரியில் குழந்தை இல்லை. டிசம்பர் 31 இரவு பதினொன்றே முக்காலுக்குப் பிறக்கிற குழந்தை அந்த வருடம் முழுவதும் இருந்ததாகக் கணக்கு. அதே தாராளம் இந்தப் பக்கம் இல்லை. பத்தரை மாதம் பதினாறாக இருந்து கடைசி ஆறு வாரம் பதினேழானவனுக்கு, முழு வருடமும் போச்சு. பதினேழு வயதுப் பையன் ஒன்பது வயதுப் பெண்ணைவிடக் குறைவாகச் சாப்பிடுவான் என்று நினைத்த ஆள் யாரென்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அவனுக்கு 2,000க்குப் பதில் 500. திரையின் மூலையில் தொகை வந்து நின்றது: 7,263.

அவர் டிஷ்யூவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஆயிரத்தைந்நூறு எங்கண்ணே போச்சு?" என்றுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

என் தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்ல வேறு சொற்கள் தேவைப்படவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருசம் ஓவர்டைம் கூடப் பாத்தா ரீஃபண்ட் கூடுமா?" என்றார். இதற்கு உண்மையான பதில் சொல்வது கஷ்டம். கூடாது, குறையும். இறக்கத்தில் நிற்கிறவர் ஆயிரம் டாலர் அதிகம் சம்பாதித்தால் ஈஐடிசியில் 211 போகும். நியூ ஜெர்சி தன் பங்குக்கு அந்த ஈஐடிசியில் 40 சதவீதம் தருகிறது, அதிலும் 84 போகும். மத்திய வருமான வரி 100. சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் (ஓய்வூதியம், முதியோர் மருத்துவம்) 76. மாநில வரி 17. கூட்டினால் 490ஐ ஒட்டி. ஆயிரத்தில் கையில் நிற்பது பாதி. கோடீஸ்வரனிடம் ஆயிரத்துக்குப் பாதி கேட்டால் நாடே கொதிக்கும். காப்பகத்தில் டயப்பர் மாற்றுகிறவரிடம் கேட்டால் அதற்குப் பெயர் சலுகை குறைவது. ஆனாலும் பாதி பாதிதானே, வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? எண்களைச் சொன்னேன், விட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் பதினோராயிரம் பற்றியும் கேட்டார். மூன்று சின்னப் பிள்ளைகள், பகுதி நேர வேலை என்றதும் எனக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. மூன்று பிள்ளைக்கு 21,500 டாலரை ஒட்டிச் சம்பாதித்தால் மலைக்கோட்டையின் சமதரையில் நிற்கலாம். அவருக்குப் போன வருடம் வந்தது 2023 கணக்கு, அதில் ஈஐடிசி உச்சம் 7,430. ஆனால் பிள்ளைக் கிரெடிட் 6,000 என்று காகிதத்தில் இருந்தாலும், வரிக்கு ஈடானது போக ரொக்கமாக வருவதற்கு ஒரு கட்டுப்பாடு: 2,500 டாலருக்கு மேலான சம்பளத்தில் 15 சதவீதம்தான். அது 2,850. பிடித்த வரியும் திரும்ப வந்தால் பதினோராயிரத்தை ஒட்டும். அதாவது அந்த அக்கா பாதிக் கிரெடிட்டை இழந்த பிறகு வந்தது பதினோராயிரம். சம்பளம் குறையக் குறைய இந்தக் கிரெடிட்டும் குறைந்துகொண்டே போகும். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு மிகக் குறைவு. பதினோராயிரம் என்ற ஒரு எண் மட்டும் சுவர் தாண்டி வந்து இந்த வீட்டில் ஏக்கமாகிவிட்டது.

பிறகு தேதி. வீட்டுக்காரரிடம் பிப்ரவரி 20க்குள் முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். தொகையைத் தப்பாகச் சொன்ன நான் தேதியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அதுவும் தப்புதான். ஈஐடிசி இருக்கிற ரீஃபண்டை பிப்ரவரி நடுவரைக்கும் ஐ.ஆர்.எஸ். விடவே கூடாது என்று 2015இல் போட்ட சட்டம் இருக்கிறது. திருட்டுத்தனமாகப் பிறர் பெயரில் போடுகிறவர்களைப் பிடிக்க நேரம் வேண்டுமாம். ஜனவரி 27இல் முதல் ஆளாகப் போட்டாலும், வங்கியில் விழ பிப்ரவரிக் கடைசி, மார்ச் முதல் வாரம் ஆகும். அதுவும் ஈஐடிசி பகுதி மட்டுமில்லை, மொத்த ரீஃபண்டும் காத்திருக்கும், சொந்தக் காசான அந்த 620 உட்பட.

"பஜார்ல ஒரு இடத்துல அன்னைக்கே பணம் குடுக்குறாங்களாம்" என்றார். குடுக்கிறார்கள். ரீஃபண்டை அடகு வைத்துக் கடன் தருவது. படிவம் போடக் கூலி, பணத்தை மாற்றிவிடக் கூலி என்று ரீஃபண்டிலேயே கழித்துக்கொள்வார்கள். கையிலிருந்து எடுத்துக் கொடுக்காததால் வலிக்காது. ஊரில் அடகுக் கடை வாசலில் நின்ற அனுபவம் எனக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வீட்டா விதிப்படி நான் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அன்று ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு பிறந்த தேதியையும் அட்டையோடு வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முன்பெல்லாம் அந்த விரலைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார்: இவ்வளவு பணம் வங்கியில் விழுந்தால் பிள்ளைகளின் ஃபேமிலிகேர் மருத்துவக் காப்பீடும், உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப்பும் நின்றுவிடுமா? நிற்காது. ரீஃபண்ட் வருமானமாகச் சேராது, பன்னிரண்டு மாதம் சேமிப்பாகவும் எண்ணமாட்டார்கள். இந்த ஒரு பதிலுக்குத்தான் அன்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்தப் பயத்தாலேயே படிவம் போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்குள் போட்டால் பழைய ரீஃபண்டையும் வாங்கலாம். அதற்கு மேல் போனால் அரசாங்கத்துக்கே.

மத்திய ரீஃபண்ட் பிப்ரவரி 27 அன்று விழுந்தது. மாநிலத்தின் ஈஐடிசி 2,042 பின்னால் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்தார், நல்ல மனிதர். கிரெடிட் கார்டு பாக்கியில் ஒரு பகுதி ஏப்ரல் வரை வட்டியோடு நின்றது. அந்த வட்டி எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த ஜூலையில் சட்டத்தை மாற்றினார்கள். பிள்ளைக் கிரெடிட் 2025 வருமானத்திலிருந்து 2,200. உச்ச எண்ணை ஏற்றினார்களே ஒழிய, வரி போக ரொக்கமாகக் கிடைக்கிற வரம்பு தலைக்கு 1,700லேயே நிற்கிறது. பிள்ளைக்கு மட்டும் இருந்தால் போதும் என்றிருந்த சோஷியல் செக்யூரிட்டி எண், இனி பெற்றோரில் ஒருவருக்காவது வேண்டும்.

2026 ஜனவரியில் மறுபடி பொங்கல் விழா. அதே கஃபெடீரியா. இந்த முறை வடைத் தட்டு என் கையில். அவர் வந்தார், பக்கத்தில் என்னைவிட உயரமாக ஒரு பையன், காலில் வெள்ளை ஷூ. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பிள்ளைகளுடைய பிறந்த நாள், மாதம், வருடம் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். பையன் "அம்மா!" என்று நெளிந்தான்.

"இவனுக்குப் பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம்ணே. நடக்கல, முடிஞ்சது. ஒற்றைப்படை வருசம், சின்னவள அவங்கப்பா காட்டுறாரு, கையெழுத்துப் போட்டுட்டேன். ஈஐடிசி எனக்குத்தான? இவன் செப்டம்பர்ல காலேஜ் போறான், அடுத்த வருசம் அது இருக்குமா?"

இருக்கும், முழுநேரம் படித்தால். மேஜையில் டிஷ்யூக் கட்டு இருந்தது. பேனாவும் சட்டைப் பையில் இருந்தது.

"டபிள்யூ-2 வரட்டும்மா" என்றேன். "லைப்ரரிக்கு வாங்க. இவனோட அட்டையையும் எடுத்துட்டு வாங்க." பையன் தட்டில் இரண்டு வடை வைத்தேன். மூன்றாவதாக ஒன்று கேட்டான்.